வடலூர் களிமண்ணால் தண்ணீரில் உள்ள பாதரசத்தை வடிகட்ட முடியுமா?

வடலூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சத்திய ஞான சபையும் தைப்பூச ஜோதி தரிசனமும்தான். அந்த ஊருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: களிமண். பழைய வீடுகளின் வாஷ் பேசின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் சிலவற்றில் 'நெய்சர்' என்ற பெயர் இருக்கும். வடலூரில் வார்த்து, சுட்டு எடுத்த பீங்கான் அது. பக்கத்தில் விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு கல்வி நிறுவனம் இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணைத் தோண்டும்போது வெள்ளைக் களியும் சேர்ந்தே வருகிறது. இத்தனைக்கும் மூலம் அதுதான்.

அதே வட்டாரத்தில்தான் குடிநீரில் பாதரசம் இருப்பதாகப் புகார்களும் எழுகின்றன. "களிமண் கனிமங்களால் கன உலோகங்களை நீக்கலாம்" என்ற ஆய்வுச் செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை எங்காவது ஓரிடத்தில் இருந்து வந்துகொண்டே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குத் தோன்றும் கேள்வி இயல்பானது. காலுக்குக் கீழே களிமண் கொட்டிக் கிடக்கும்போது, அதை வைத்தே தண்ணீரைச் சுத்தம் செய்துவிட முடியாதா?

முடியும், ஆனால் எந்தக் களி, எந்த உலோகம் என்பதைப் பொறுத்து. வடலூரைப் பொறுத்தவரை இந்த 'ஆனால்' கொஞ்சம் பெரியது.

தண்ணீரில் என்ன பிரச்னை?

2023 ஆகஸ்ட் மாதம் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திரா என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கையை வெளியிட்டன. நெய்வேலி, பரங்கிப்பேட்டை பகுதிகளில் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் ஏற்படுத்தும் பாதிப்பு பற்றிய அறிக்கை அது. வடக்கு வெள்ளூர் கிராமத்தில் எடுத்த நீர் மாதிரியில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைவிட 250 மடங்கு இருந்ததாக அதில் சொல்லப்பட்டது. என்.எல்.சி. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்த விவகாரத்தைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

250 மடங்கு என்றால் எவ்வளவு? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டரில் பாதரசம் 0.001 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதன் 250 மடங்கு, லிட்டருக்கு 0.25 மில்லிகிராம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். தண்ணீர் நிறம் மாறாது, வாடை வராது, ருசியிலும் எதுவும் தெரியாது. அதனால்தான் இது பயப்பட வேண்டிய விஷயம். சாக்கடை கலந்த தண்ணீரை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். பாதரசத்தை அப்படிக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

நிலக்கரியில், பழுப்பு நிலக்கரியிலும், மிக நுண்ணிய அளவில் பாதரசம் இயற்கையாகவே இருக்கும். எரிக்கும்போது ஒரு பங்கு புகையோடு போகும், ஒரு பங்கு சாம்பலில் தங்கும். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பாதரச வரம்பை மத்திய அரசு 2015 டிசம்பரில்தான் முதன்முறையாக விதித்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பது 1960-களில் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நெய்வேலியில் இருந்து கிழக்கே வந்தால் கடலூர் சிப்காட். 1980-களில் தொடங்கிய ரசாயனத் தொழிற்பேட்டை. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்கத் தொழிற்பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டபோது கடலூர் 'மிக மோசமாக மாசடைந்த பகுதி' பட்டியலில் இடம்பிடித்தது. சிப்காட்டை ஒட்டி ஓடும் உப்பனாற்றின் நீரிலும் சேற்றிலும் மீன்களிலும் உள்ள உலோகங்களைப் பற்றி, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல காலமாக ஆய்வு செய்து வருகிறது. நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் இருந்து வரும் பரவனாறு பெருமாள் ஏரியைத் தொட்டு, கடைசியில் இந்த உப்பனாற்றுப் பக்கம்தான் வந்து சேர்கிறது.

களிமண் உலோகத்தை எப்படிப் பிடிக்கிறது?

களிமண்ணை வெறும் நுண்ணிய மண் என்று நினைக்க வேண்டாம். மணல் துகளை எவ்வளவு பொடித்தாலும் களிமண் ஆகாது. களியின் கட்டமைப்பே வேறு.

சிலிக்கான் தகடு ஒன்று, அலுமினியம் தகடு ஒன்று. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கிய சீட்டுக்கட்டு போலத்தான் களிமண் இருக்கும். ஒவ்வொரு சீட்டும் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தடிமன்தான். இந்த அடுக்குகள் உருவாகும்போது சில இடங்களில் சிலிக்கானுக்குப் பதில் அலுமினியமும், அலுமினியத்துக்குப் பதில் மெக்னீசியமும் உட்கார்ந்துவிடுகின்றன. ஆள் மாறியதால் கணக்கு இடிக்கிறது. வரவேண்டிய நேர் மின்னேற்றம் முழுதாக வராததால், தகடு மொத்தமாக எதிர் மின்னேற்றம் உள்ளதாக ஆகிவிடுகிறது.

தண்ணீரில் கரைந்த ஈயம், காட்மியம், தாமிரம், நிக்கல் எல்லாம் நேர் மின்னேற்றத்தோடு அலையும் அயனிகள். எதிரும் நேரும் ஈர்க்கும். களித் தகட்டின் மேல் ஏற்கெனவே சோடியமோ கால்சியமோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஈயம் வந்தால் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். பஸ்ஸில் ஒருவர் இறங்கினால்தானே இன்னொருவருக்கு சீட்? அதே கதைதான். இதற்கு அயனிப் பரிமாற்றம் என்று பெயர். இதுபோக, தகட்டின் ஓரங்களில் உள்ள ஆக்சிஜன்-ஹைட்ரஜன் முனைகளும் உலோகத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும்.

தண்ணீர் அமிலத்தன்மையோடு இருந்தால் இந்த இரண்டு வேலையும் படுத்துவிடும். அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள் ஏராளம். அவை முண்டியடித்து எல்லா சீட்டையும் பிடித்துவிடும். ஏற்கெனவே பிடித்த ஈயத்தைக்கூட அமிலம் கழற்றிவிடும். தொழிற்சாலைக் கழிவுநீர் பலசமயம் அமிலமாகத்தான் வரும் என்பதால், முதலில் சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறிக்காமல் களிமண்ணை அங்கே கொண்டுபோவதில் பயனில்லை.

நாமக்கட்டியும் முல்தானி மிட்டியும் ஒன்றா?

இரண்டும் களிமண்தான். ஆனால் நாமக்கட்டி போன்ற வெள்ளைக் களிக்கும் முல்தானி மிட்டிக்கும் குணம் வேறு. வடலூர் விஷயத்தில் இதுதான் முக்கியமான இடம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நெய்வேலி, வடலூர் பகுதியில் கிடைக்கும் வெள்ளைக் களியில் முதன்மையாக இருப்பது கயோலினைட். சீனாவில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென் நகருக்குப் பக்கத்தில் உள்ள காவோலிங் என்ற குன்றின் பெயரில் இருந்து வந்த பெயர் அது. நாம் சீனக் களிமண் என்று சொல்வதும் இதைத்தான். ஒரு சிலிக்கா தகடு, ஒரு அலுமினா தகடு என்ற ஜோடிகள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருக்கும். இடையில் தண்ணீர் நுழையாது, உலோகமும் நுழையாது. ஆள்மாற்றமும் இதில் குறைவு, ஆகவே மின்னேற்றமும் குறைவு. பீங்கான் செய்ய இதெல்லாம் அருமையான குணம்: ஊறி உப்பாது, காயும்போது அதிகம் வெடிக்காது, சுட்டால் வெள்ளையாக வரும். உலோகம் பிடிக்க இதே குணங்கள் பலவீனம்.

இன்னொரு குடும்பம் மான்ட்மோரிலோனைட். பென்டோனைட் என்று சந்தையில் விற்பது இதுதான். சென்னை மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது சாலையிலும் வீடுகளிலும் சாம்பல் நிறக் குழம்பு பொங்கி வந்ததாகச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள், அதே பென்டோனைட். இதில் இரண்டு சிலிக்கா தகடுகளுக்கு நடுவே ஒரு அலுமினா தகடு. அடுக்குகளுக்கு இடையே பிடிமானம் தளர்வு. தண்ணீர் பட்டால் அடுக்குகள் விலகி உப்பும். உலோகம் உள்ளேயே போய் உட்காரலாம். காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் கோடையில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்து, முதல் மழையில் அப்படியே மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே? அப்படி வெடித்து மூடும் மண்ணில் இருப்பது இந்தக் குடும்பத்துக் களிதான்.

எண்ணில் சொன்னால் வித்தியாசம் சட்டென்று புரியும். அயனிகளை மாற்றிப் பிடிக்கும் திறனை 100 கிராமுக்கு இத்தனை மில்லி சமானம் என்று அளப்பார்கள். கயோலினைட்டுக்கு அது 3 முதல் 15. மான்ட்மோரிலோனைட்டுக்கு 80 முதல் 150. ஏறக்குறைய பத்து மடங்கு. பரப்பளவிலும் இப்படித்தான். ஒரு கிராம் கயோலினைட்டை விரித்தால் 10, 20 சதுர மீட்டர், அதாவது வீட்டில் ஒரு அறை. ஒரு கிராம் மான்ட்மோரிலோனைட்டின் அடுக்குகளை எல்லாம் பிரித்து விரித்தால் 700 சதுர மீட்டருக்கும் மேல். மூன்று கிரவுண்டு மனை.

ஆக, செய்தியில் வரும் 'களிமண்' பெரும்பாலும் பென்டோனைட். நம்மூரில் தோண்டி எடுப்பது கயோலின். பென்டோனைட் வேண்டும் என்றால் குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பக்கம் இருந்துதான் பெரும்பாலும் வரவேண்டும்.

ஆய்வகத்தில் 99 சதவீதம், கிணற்றில் எவ்வளவு?

சரி, பென்டோனைட்டையே வாங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 20 லிட்டர் தண்ணீர். அதில் ஈயம் வரம்பைவிடப் பத்து மடங்கு, அதாவது லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று கொள்வோம். நாளைக்கு 2 மில்லிகிராம், வருஷத்துக்கு 730 மில்லிகிராம் ஈயம். ஒரு கிராம் களி 10 மில்லிகிராம் ஈயத்தைப் பிடிக்கும் என்று அடக்கமாக வைத்தாலும், வருஷத்துக்கு 73 கிராம் களி போதும். ஒரு கைப்பிடிதான். இவ்வளவு மலிவான விஷயத்தை ஏன் யாரும் செய்யவில்லை என்ற கோபம்கூட வரலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. ஆய்வகத்தில் பெரும்பாலும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஈயத்தை மட்டும் கரைத்துச் சோதிப்பார்கள். எதிர்த்துப் போட்டியிட யாரும் இல்லாத தேர்தல் அது, 99 சதவீத ஓட்டு வாங்குவதில் ஆச்சரியம் இல்லை. நம் கிணற்றுத் தண்ணீர் அப்படி இல்லை. ஓரளவு உப்புத் தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் சாதாரணமாக இருக்கும். அயனிகளின் எண்ணிக்கையாக மாற்றிப் பார்த்தால், நம் கணக்கில் உள்ள ஒரு ஈய அயனிக்கு எதிராகச் சுமார் ஐந்தாயிரம் கால்சியம் அயனிகள். களி ஈயத்தைக் கொஞ்சம் கூடுதலாக விரும்பும் என்பது உண்மைதான். ஆனால் ஐந்தாயிரத்துக்கு ஒன்று என்ற கூட்டத்தில் அந்த விருப்பம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? கைப்பிடிக் களி, கிலோக் கணக்காக மாறுவது இங்கேதான்.

ஆகவே இனி இப்படி ஒரு செய்தியைப் படிக்கும்போது "எத்தனை சதவீதம் நீக்கியது?" என்பதோடு நிற்காமல், "எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள்?" என்று தேடிப் பாருங்கள். அந்த ஒரு வரி செய்தியில் பெரும்பாலும் இருக்காது.

இன்னொன்று நடைமுறைச் சிக்கல். பென்டோனைட்டைத் தண்ணீரில் போட்டால் கரைசல் போல மிதந்துகொண்டே இருக்கும், எளிதில் அடியில் படியாது. வடிகட்டியில் அடைத்தால் உப்பித் தண்ணீரையே விடாது. வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போகும் வழியில், வடலூருக்குப் பக்கத்தில் வடக்குத்தில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. அங்கே முதல் வேலையே தண்ணீரில் மிதக்கும் களியைத் தெளியவைத்து வெளியேற்றுவதுதான். நம் முன்னோர் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் அதற்காகத்தான். இந்த இரண்டிலும், களித்துகளில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் உலோகம் சேறோடு சேர்ந்து இறங்கிவிடும். தண்ணீரில் கரைந்து நிற்கும் உலோகம் அப்படி இறங்காது.

பாதரசம் ஏன் முரண்டு பிடிக்கிறது?

இதுவரை ஈயத்தை வைத்தே பேசியதற்குக் காரணம் உண்டு. களிமண்ணுக்கு ஈயம் நல்ல விருந்தாளி. நெய்வேலி வட்டாரத்தின் புகார் பாதரசத்தைப் பற்றியது. அது வேறு மாதிரி.

தண்ணீரில் பாதரசம் தனி அயனியாக அலைவது குறைவு. குளோரைடு இருந்தால் அதோடு சேர்ந்துகொள்ளும், இல்லையென்றால் ஹைட்ராக்சைடோடு. அப்படிச் சேர்ந்தபின் அதற்கு மின்னேற்றம் இருக்காது. உப்பு அதிகமானால் எதிர் மின்னேற்றமே வந்துவிடும். நேர் மின்னேற்றத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் களி அதைக் கண்டுகொள்ளாது, சில சமயம் விரட்டவும் செய்யும். ஆறு கடலில் கலக்கும் உப்பனாறு போன்ற இடங்களில், களி ஏற்கெனவே பிடித்துவைத்த காட்மியத்தைக்கூட உப்புநீர் கழற்றிவிடக்கூடும்.

பாதரசத்துக்குப் பிடித்தது கந்தகம். களியின் பரப்பில் கந்தக முனை கொண்ட மூலக்கூறுகளை ஒட்டவைத்தால் அது பாதரசத்தை இறுகப் பிடிக்கும். இந்தக் கந்தக ஆல்கஹால்களுக்கு வேதியியலில் மெர்காப்டன் என்று பழைய பெயர். லத்தீனில் 'பாதரசத்தைப் பிடிப்பது' என்றே பொருள். சமையல் கேஸ் கசிந்தால் வருமே ஒரு நாற்றம், அதுவும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான். இப்படி மாற்றிய களி வேலை செய்கிறது. ஆனால் அது இனி 'காலடியில் கிடக்கும் இலவச மண்' இல்லை. ரசாயனத் தொழிற்சாலையில் தயாராகும் பொருள். விலையும் அதற்கேற்பத்தான்.

இதே சிக்கல் வேறு இரண்டு இடங்களிலும் உண்டு. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அது விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவில் உள்ள விஷமான ஆறு இணைதிறன் குரோமியம், தண்ணீரில் எதிர் மின்னேற்றம் உடையது. சாதாரணக் களி அதைத் தொடாது. மேற்கு வங்கத்தின் ஆர்சனிக்கும் அப்படித்தான். அங்கே ஐ.ஐ.டி. காரக்பூர் ஆய்வாளர்கள் கையில் எடுத்தது வேறு மண்: இரும்பு நிறைந்த செம்பூரான் கல். அமிலமும் காரமும் கொண்டு பதப்படுத்திய அந்த மண் வைத்த வடிகட்டிகள் கிராமங்களில் பயன்பாட்டுக்கும் வந்தன. ஆர்சனிக் ஒட்டுவது இரும்பில் என்பதைப் பிடித்துக்கொண்டு, அதற்கேற்ற மண்ணைத் தேடினார்கள்.

பானைத் தண்ணீர் போதாதா?

போதாது. இதை அழுத்திச் சொல்லவேண்டி இருக்கிறது. ஏனென்றால் 'மண்பானை விஷத்தை உறிஞ்சிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பதிவுகள் குறையவில்லை.

களிமண்ணை 500, 600 டிகிரிக்கு மேல் சுட்டால் அதன் தகடுகளில் பிணைந்திருந்த நீர் வெளியேறி, அடுக்குக் கட்டமைப்பே கலைந்துவிடும். சூளையில் இருந்து வெளியே வரும் பானை, உள்ளே போன களிமண் அல்ல. தண்ணீர் அதன் நுண்துளை வழியே கசிந்து ஆவியாவதால் குளிர்ச்சி கிடைக்கிறது. பானையின் வேலை அதுதான், அதை நன்றாகவே செய்கிறது. காய்ச்சுவதும் உதவாது. கிருமி சாகும், உலோகம் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

அப்படியானால் நம்மூர்க் களிக்கு வேலையே இல்லையா?

இரண்டு வேலைகள் உண்டு. அதில் ஒன்று, இப்போது சொன்ன சுட்ட களியில் இருந்தே தொடங்குகிறது.

கயோலினைச் சுட்டுக் கலைத்து, அந்தப் பொடியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடாக்கினால் அது வேறொரு பொருளாக மறுபிறவி எடுக்கும். சியோலைட் ஏ. தேன்கூடு மாதிரி சீரான துளைகள் கொண்டது. துணி துவைக்கும் பவுடர்களில் தண்ணீரின் உப்பைக் கட்டுப்படுத்த இதைச் சேர்ப்பார்கள். இதன் அயனி மாற்றும் திறன் 100 கிராமுக்குச் சுமார் 500 மில்லி சமானம். வெறும் கயோலினைவிட முப்பது மடங்குக்கும் மேல், பென்டோனைட்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். உப்பிக் குழம்பாகாது, மணிமணியாக உருட்டி வடிகட்டியில் அடைக்கலாம். ஈயம், காட்மியம், துத்தநாகம் கலந்த தொழிற்சாலைக் கழிவுநீருக்கு இது பொருத்தமான சரக்கு. சுண்ணாம்பு போட்டுப் பெரும்பகுதி உலோகத்தை இறக்கியபின், மிச்சம் மீதியைப் பிடிக்கும் கடைசிக் கட்டத்தில் வைக்கலாம். பீங்கான் தெரிந்த தொழிலாளர்களும், சூளையும், செராமிக் படிப்பும், மூலப்பொருளும் ஒரே வட்டாரத்தில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. பாதரசத்துக்கு மட்டும் இதுவும் தனியாக உதவாது, கந்தகத்தின் துணை வேண்டும்.

இரண்டாவது வேலை இன்னும் எளிமையானது, எனக்கு அதுவே முக்கியமாகவும் படுகிறது. களிமண்ணை வடிகட்டியாக மட்டும் பார்ப்பதை விட்டு, தரையாகப் பாருங்கள். சரியாக ஈரப்படுத்தி, கெட்டித்த களிப்படுகையில் தண்ணீர் இறங்கும் வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு வரை குறையும். வருஷத்துக்கு மூன்று சென்டிமீட்டர் என்று சொன்னால் புரியும். ஆபத்தான கழிவைக் கொட்டும் இடங்களில் ஒன்றரை மீட்டர் களிப்படுகை போடச் சொல்வது அதனால்தான். சாம்பல் குட்டைக்கு அடியிலும், கழிவுநீர்த் தொட்டிக்கு அடியிலும் அப்படி ஒரு தரை இருந்தால், உலோகம் நிலத்தடி நீரைத் தொடுவதற்கே பல பத்து வருஷங்கள் ஆகும். தொட்டபிறகு ஆயிரம் வீடுகளில் ஆயிரம் வடிகட்டி வைப்பதைவிட இது எவ்வளவோ மலிவு. பழைய சாம்பல் குட்டைகளின் அடியில் என்ன தரை இருக்கிறது என்பது, ஊர் மக்கள் கிராம சபையிலேயே கேட்கக்கூடிய கேள்வி.

பிடித்த உலோகம் எங்கே போகும்?

களிமண் உலோகத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அவ்வளவுதான். இதை ஜப்பான் மிகப்பெரிய அளவில் அனுபவித்துக்கொண்டிருக்கிறது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் சிதறிய கதிரியக்க சீசியத்தை அங்குள்ள மண்ணின் களிக்கனிமங்கள் மேலேயே இறுகப் பிடித்துக்கொண்டன. பெரும்பகுதி மேல் ஐந்து சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டதால் நிலத்தடி நீர் பெரிய அளவில் தப்பியது. ஆனால் அந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்ததில் சேர்ந்தது சுமார் 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர். 2045-க்குள் ஃபுகுஷிமா மாகாணத்துக்கு வெளியே அதற்கு இறுதி இடம் கண்டுபிடிக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். ஏற்றுக்கொள்ள மற்ற ஊர்கள் தயங்குகின்றன.

நம் சட்டத்திலும், கழிவுநீரைச் சுத்திகரித்து விஷ உலோகம் ஏறிய களி, 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. அதைக் குப்பைமேட்டில் கொட்ட முடியாது. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாப்பான கிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும். கடலூரில் இருந்து அது 200 கிலோமீட்டருக்கு மேல். லாரி வாடகையும் கிடங்குக் கட்டணமும் சேர்த்தால், 'மலிவான களி' என்ற வார்த்தைக்கு அர்த்தம் மாறிவிடும். யாருக்கும் தெரியாமல் ஓடைக்கரையில் கொட்டினால், ஒரு அமில மழைநீரோ கழிவுநீரோ பட்டதும் உலோகம் மறுபடி தண்ணீருக்கே திரும்பும். வீட்டு வடிகட்டிக்கும் இந்தக் கேள்வி உண்டு. தீர்ந்துபோன களியைக் கிணற்றடியில் கொட்டினால் என்ன ஆகும்?

இப்போது அங்கே குடியிருப்பவர்கள் என்ன செய்யலாம்?

சந்தேகம் உள்ள கிணற்றையும் போர்வெல்லையும் பரிசோதிப்பதுதான் முதல் வேலை. கையில் பிடித்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது. 250 மடங்கு பாதரசம் இருந்தாலும் அதில் முள் அசையாது. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, கிருமி போன்றவைதான் வரும். பாதரசம், ஈயம், காட்மியம், ஆர்சனிக் என்று பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கேட்டால், அங்கேயே செய்ய முடியுமா அல்லது வேறு கூடத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று தெரிந்துவிடும். தனித்தனி வீடாகப் போவதைவிட ஊராட்சி மூலம் எழுதிக் கேட்பது நல்லது, செலவும் மிச்சம், பதிவும் இருக்கும்.

முடிவு வரும்வரை, வாய்ப்பு இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது பரிசோதிக்கப்பட்ட வேறு ஆதாரத்துக்கு மாறலாம். ஆர்.ஓ. இயந்திரம் கரைந்த உலோகங்களில் பெரும்பாலானதைத் தடுக்கும், சவ்வு நல்ல நிலையில் இருந்தால். ஆனால் வீட்டு ஆர்.ஓ.க்களில் உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாகவே வெளியேறும். தடுத்த உலோகம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீரை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு விஷயம். பாதரசம் பிளாஸ்டிக் பாட்டிலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து நாலு நாள் வைத்திருந்து கொண்டுபோனால், அளவு குறைவாகவே காட்டும், ஊரும் நிம்மதியாகத் தூங்கிவிடும். ஆய்வுக்கூடத்தில் இருந்தே அமிலம் சேர்த்த பாட்டிலை வாங்கி வந்து அதில் பிடிக்க வேண்டும். ஒருமுறை கோடையின் கடைசியில் தண்ணீர் அடியில் கிடக்கும்போதும், இன்னொரு முறை வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகும் எடுத்தால்தான் அந்தக் கிணற்றின் உண்மை நிலவரம் தெரியும்.